பொருத்தம் 10-க்கு 6, ரஜ்ஜு தட்டுது. ஆப் 92 பெர்சன்ட்னு சொல்லுது. எதை நம்பறது?

பிப்ரவரி 4 (கேள்வி)

நான் பூசம், கடகம், வயசு 26. அவர் அனுஷம், விருச்சிகம், என்னைவிட 3 வயசு மூத்தவர். நாலு வருஷமா காதல். வீட்ல சொல்றதுக்கு முன்னாடி நாங்களே பொருத்தம் பாத்தோம், ஒருத்தர் 6 சொன்னார், இன்னொருத்தர் 7 சொன்னார், ரெண்டு பேருமே ரஜ்ஜுப் பொருத்தம் இல்ல, வேண்டாம்னு முடிச்சுட்டாங்க. வெளிநாட்டு முறையில ரெண்டு ஜாதகத்தை ஒப்பிடற ஆப் ஒண்ணுல போட்டா 92 பெர்சன்ட், "உங்க சந்திரன்கள் ரெண்டும் அருமையான கோணத்துல இருக்கு"ன்னு வருது. ஒரே சந்திரனை வெச்சு ஒருத்தர் வேண்டாங்கறாங்க, ஒருத்தர் அருமைங்கறாங்க. யார் சொல்றது சரி?

பிப்ரவரி 4, இரவு

முதல்ல அந்த 6, 7 சண்டையை முடிச்சுடலாம். பூசத்துலேர்ந்து அனுஷம் வரைக்கும் எண்ணினா 10. தினப் பொருத்தத்துக்கு 9-ஆல வகுத்தா மீதி 1, அது இல்ல. கணம் ரெண்டும் தேவ கணம், இருக்கு. மாகேந்திரம் 4, 7, 10, 13னு போற வரிசை, 10 அதுல இருக்கு. யோனி ஆடும் மானும், பகை இல்ல. ராசி அதிபதி சந்திரன், செவ்வாய், பரவாயில்ல. கடகத்துக்கு விருச்சிகம் வசியம். பூசத்துக்கு வேதை, அதாவது ஆகாத நட்சத்திரம், பூராடம்தான், அதனால அதுவும் தப்பிச்சாச்சு. ஆக 6. ஸ்திரீ தீர்க்கத்துக்கு சிலர் 13-ஐத் தாண்டணும்பாங்க, சிலருக்கு 7-ஐத் தாண்டினா போதும். உங்களோடது 10. அங்கதான் 6, 7 ஆகுது. ராசிப் பொருத்தத்துல அஞ்சாம் ராசியை ஏத்துக்கறவர் கிட்ட போயிருந்தா 8 கூட ஆகியிருக்கும். உங்க காதல்ல எதுவும் மாறல, பாக்கறவர் கையில இருக்கற புஸ்தகம்தான் மாறிருக்கு.

எனக்கு ஜோசியம் தொழில் இல்ல, கணக்கு பிடிக்கும், அதனால ஜாதகமும் பிடிச்சுப் போச்சு, அவ்வளவுதான். பரிகாரம் கேக்கறவங்க வேற ஆளைப் பாருங்க.

பிப்ரவரி 5

ராத்திரி தூக்கம் வரல, உங்க கேள்விதான் காரணம். "ஒரே சந்திரன், ரெண்டு தீர்ப்பு"ன்னு சொன்னீங்களே, அதைக் கொஞ்சம் நோண்டினேன்.

ரஜ்ஜு எப்படி ஓடுதுன்னு பாருங்க. 27 நட்சத்திரத்தையும் உடம்போட அஞ்சு பாகத்துக்குப் பிரிச்சிருக்கு, ரெண்டு பேர் நட்சத்திரமும் ஒரே பாகத்துல விழுந்தா ரஜ்ஜு தட்டும். அசுவினி பாதம், பரணி தொடை, கார்த்திகை வயிறு, ரோகிணி கழுத்து, மிருகசீரிடம் தலை. அங்கேர்ந்து இறங்கணும். திருவாதிரை கழுத்து, புனர்பூசம் வயிறு, பூசம் தொடை, ஆயில்யம் பாதம். 9 நட்சத்திரம் முடிஞ்சுது. அடுத்து மகம், திரும்ப பாதத்துலேர்ந்து அதே ஏத்தம், அதே இறக்கம். மூலத்துல மூணாவது சுத்து. அதாவது 9 நட்சத்திரத்துக்கு ஒரு தடவை ரஜ்ஜு அப்படியே திரும்பி வருது.

இப்ப ஒரு நட்சத்திரம் 13 டிகிரி 20 நிமிஷம். அதை 9-ஆல பெருக்கினா? 120 டிகிரி. அச்சு பிசகாம 120.

மேற்கத்திய முறையில ரெண்டு பேர் சந்திரனுக்கு நடுவுல 120 டிகிரி இருந்தா அதுதான் திரிகோணம், கொண்டாடற கோணம். டாலமிங்கற பழைய கிரேக்க ஜோசியர் 2-ஆம் நூற்றாண்டுலயே டெட்ராபிப்லோஸ்ங்கற புஸ்தகத்துல எழுதி வெச்சிருக்கார், ரெண்டு பேரோட சூரிய சந்திரர்கள் ஒருத்தருக்கொருத்தர் திரிகோணத்துலயோ 60 டிகிரியிலயோ இருந்தா கல்யாணம் நிலைக்கும்னு. நம்ம ஊர் ரஜ்ஜு கணக்குப்படி சந்திரனுக்கு சந்திரன் துல்லியமா 120 டிகிரியில இருக்கற ஜோடி எல்லாருக்கும், ஒருத்தர் விடாம, ரஜ்ஜு தட்டும். விதிவிலக்கே கிடையாது, கணக்கு விடாது.

அதனால உங்க ஆப்பும் உங்க ஜோசியரும் வேற வேற விஷயம் சொல்லல. ரெண்டு பேரும் ஒரே தூரத்தைத்தான் அளந்திருக்காங்க, ஒருத்தர் அதுக்கு ஆஹா போட்டிருக்காங்க, இன்னொருத்தர் ஐயோ போட்டிருக்காங்க. இத்தனை நாளா ரெண்டு முறையும் பாத்துக்கிட்டு இருக்கேன், இதைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கத் தோணவே இல்ல.

பிப்ரவரி 5, கொஞ்ச நேரம் கழிச்சு

"அப்ப நம்ம முன்னோர்கள் வேணும்னே அவங்களுக்கு எதிரா வெச்சாங்களா"ன்னு கேட்டிருக்கீங்க. முன்னோர்களுக்கு வேற வேலை இல்லையா.

பிப்ரவரி 6

சரி, ஏன் வெச்சிருப்பாங்க? என் ஊகம் இது, எந்தப் புஸ்தகத்துலயும் இப்படி எழுதிப் பாக்கல. விம்சோத்தரி தசையும் (பிறந்த நட்சத்திரத்தை வெச்சு, ஒவ்வொரு கிரகத்துக்கும் இத்தனை வருஷம்னு வாழ்க்கையைப் பிரிக்கற கணக்கு) 9 நட்சத்திரத்துக்கு ஒரு தடவை திரும்பற சுத்துதான். கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6, சந்திரன் 10, செவ்வாய் 7, ராகு 18, குரு 16, சனி 19, புதன் 17, மொத்தம் 120 வருஷம். பூசம், அனுஷம், உத்திரட்டாதி மூணுக்கும் பிறக்கும்போது சனி தசை. அப்ப 9 நட்சத்திரம் தள்ளி இருக்கற ஜோடிக்கு ஆரம்ப தசை ஒண்ணு, அடுத்தடுத்து வர வரிசையும் ஒண்ணு. வயசும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா ரெண்டு பேருக்கும் கெட்ட தசை ஒரே நேரத்துல வந்து உக்காரும், தாங்கறதுக்கு வீட்ல ஒருத்தராவது நல்ல தசையில இருக்கணும்ல? தசா சந்தின்னு, அதாவது ரெண்டு பேருக்கும் தசை சேந்து மாறுதான்னு, தனியா பாக்கறதும் இதுக்குத்தான். அந்த பயத்தோட சுருக்கெழுத்துதான் ரஜ்ஜுவோன்னு எனக்குத் தோணுது.

பிப்ரவரி 6, இரவு

ஒருத்தர் நல்ல கொக்கி போட்டிருக்கார்: "தொடை ரஜ்ஜுல பரணி, பூரம், பூராடமும் இருக்கே, அதெல்லாம் சுக்கிரன் நட்சத்திரம், பூசத்துக்கு சனி, தசை எங்க ஒண்ணாச்சு?" நியாயம். தலையைத் தவிர மத்த நாலு ரஜ்ஜுலயும் ரெண்டு ரெண்டு கிரகம் உக்காந்திருக்கு. பாதத்துல கேதுவும் புதனும், தொடையில சுக்கிரனும் சனியும், வயித்துல சூரியனும் குருவும், கழுத்துல சந்திரனும் ராகுவும். தலையில மட்டும் செவ்வாய் தனியா. என் ஊகம் பாதி ஜோடிக்குத்தான் ஒத்து வருது.

யோசிக்கறேன்.

பிப்ரவரி 7

யோசிச்சாச்சு. ஆரோகணம், அவரோகணம். ஏறும் ரஜ்ஜு, இறங்கும் ரஜ்ஜு. ஒரே ரஜ்ஜுவா இருந்தாலும் ஒருத்தர் ஏத்தத்துலயும் ஒருத்தர் இறக்கத்துலயும் இருந்தா தோஷம் குறைவு, சேக்கலாம்னு நிறைய பேர் சொல்வாங்க. பரணி ஏத்தம், பூசம் இறக்கம். இந்த விலக்கை ஏத்துக்கிட்டா மிச்சம் தட்டறது யாருன்னா ஒரே தசாநாதன், அதாவது ஒரே கிரகத்தோட தசையில பிறக்கற நட்சத்திரக்காரங்க மட்டும்தான்! சுக்கிரன் ஜோடியும் சனி ஜோடியும் தனித்தனியா பிரிஞ்சுடுது. கொக்கி போட்டவரே, உங்களுக்கு நன்றி, நீங்க கேக்கலைன்னா இதைப் பாத்திருக்க மாட்டேன்.

இதுக்கு எண்ணிக்கையும் போட்டுப் பாத்தேன். கண்ணை மூடிக்கிட்டு எந்த ரெண்டு பேரை எடுத்தாலும் ரஜ்ஜு தட்ட வாய்ப்பு, 27-ஐ 27-ஆல பெருக்கினா வர 729-ல 153, அதாவது 21 பெர்சன்ட். அஞ்சு ஜோடியில ஒண்ணு. ஏத்த இறக்க விலக்கு போட்டா 81, சரியா ஒன்பதுல ஒண்ணு.

பூசமும் அனுஷமும் ரெண்டுமே இறக்கம், அதனால உங்களுக்கு இந்த விலக்கு கிடைக்காது. ஆனா தசையைப் பாருங்க, அதுதான் என் பாயிண்ட். ரெண்டு பேரும் எந்த டிகிரியில சந்திரன்னு போடுங்க, பாத்து சொல்றேன்.

பிப்ரவரி 8

டிகிரி வந்துச்சு. கேள்வி கேட்டவங்க சந்திரன் கடகத்துல 14, அவரோடது விருச்சிகத்துல 16. ரெண்டும் நட்சத்திரத்தோட நாலாம் பாதம் (கடைசிக் கால் பங்கு, ரஜ்ஜுல வர்ற பாதம் இல்ல).

இந்தம்மாவுக்குப் பிறக்கும்போது சனி தசை இருப்பு, அதாவது பாக்கி, 3 வருஷம் 9 மாசம் சொச்சம். அப்புறம் புதன் 17, கேது 7, ஆக 28 வயசு நெருங்கும்போது சுக்கிர தசை. அவருக்கு சனி இருப்பு ஒரு வருஷத்துக்குள்ள, 25 வயசிலயே சுக்கிரன் வந்தாச்சு. அவர் 3 வயசு மூத்தவர். கழிச்சுப் பாத்தா ஒருத்தர் தசை மாறினதுக்கும் இன்னொருத்தர் மாறப்போறதுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 6 வருஷம் இடைவெளி. சந்தியே இல்ல. அவர் சுக்கிரன்ல ஜாலியா இருக்கார், நீங்க கேதுவோட கடைசிப் பகுதியில இருக்கீங்க, இந்த மாதிரி கேள்வியெல்லாம் கேக்கற தசைதான் அது (சும்மா சொன்னேன்).

இதே டிகிரியில நீங்க அவரைவிட 3 வயசு மூத்தவங்களா இருந்திருந்தா ரெண்டு பேருக்கும் தசை சேந்து மாறியிருக்கும். ரஜ்ஜு அட்டவணைக்கு இந்த வித்தியாசமே தெரியாது. அது வயசைக் கேக்கறதே இல்லையே.

பிப்ரவரி 8, மதியம்

தொடை ரஜ்ஜுக்கு என்ன பலன் போட்டிருக்குன்னு கேட்டீங்க. பொருள் நஷ்டம்னு போட்டிருக்கும். பாதத்துக்கு அலைச்சல், வயித்துக்குப் பிள்ளை விஷயம், கழுத்துக்கும் தலைக்கும் நான் டைப் பண்ண விரும்பல, தேடினா கிடைக்கும். உங்களுக்குப் பொருள் நஷ்டம். சேந்து வாழ ஆரம்பிச்சா யாருக்குத்தான் ஆகல.

பிப்ரவரி 10

ஜோசியரை மட்டும் நோண்டிட்டு ஆப்பை விட்டா அநியாயம். அந்த 92 எப்படி வருதுன்னு ஆப் சொல்லாது, ஆனா இந்த மாதிரி ஒப்பீடு பொதுவா என்ன பண்ணும்னு சொல்றேன். உங்க 10 கிரகம், அவர் 10 கிரகம், ஆக 100 ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவுல 0, 60, 90, 120, 180 டிகிரி இருக்கான்னு பாக்கும். சரியா இருக்கணும்னு இல்ல, முன்னபின்ன 8 டிகிரி வரைக்கும் விடுவாங்க. வட்டத்துல அந்த மாதிரி இடம் 8, ஒவ்வொண்ணும் 16 டிகிரி அகலம், மொத்தம் 128. 360-ல 128-ன்னா 35 பெர்சன்ட் சொச்சம்.

அப்ப எந்த ரெண்டு அந்நியரை எடுத்தாலும் முப்பதுக்கு மேல கோணம் கிடைக்கும். நானும் பஸ்ல பக்கத்து சீட்ல உக்காந்தவரும் போட்டாலும் கிடைக்கும். அதுல பாதி நல்ல கோணம். ஆப் அதை எடுத்து அழகா நாலு வரி எழுதிடும், படிக்கறவங்க "ஆமா, இது எங்களைப் பத்தியேதான்"னு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பிடுவாங்க.

இன்னொரு விஷயம், இது கொஞ்சம் வேடிக்கை. மெதுவா நகர்ற கிரகங்கள் இருக்கே, யுரேனஸ் ஒரு ராசியில 7 வருஷம், நெப்டியூன் 14 வருஷம். ஒரே கிளாஸ்ல படிச்ச எல்லாருக்கும் ஒரே இடத்துலதான் இருக்கும். "உங்க நெப்டியூனும் அவர் நெப்டியூனும் சேர்ந்திருக்கு, ஆன்மாவோட ஆழமான பந்தம்"னு வந்தா அந்தப் பந்தம் உங்க செட்டு முழுக்க, உங்களுக்குப் பிடிக்காத கிளாஸ் லீடர் உள்பட, எல்லாரோடவும் இருக்கு. அதைக் கழிச்சுட்டு சூரியன், சந்திரன், புதன், சுக்கிரன், செவ்வாய், லக்னம், இதுங்களை மட்டும் பாருங்க, அதுவும் 8 டிகிரி விடாம 2, 3 டிகிரிக்குள்ள. லிஸ்ட் சட்டுனு இளைச்சுடும்.

உங்க சந்திரன்கள் 122 டிகிரி, 2 டிகிரிக்குள்ள வருது, அது அந்த இளைச்ச லிஸ்ட்லயும் நிக்கும். அதை மறுக்கல.

பிப்ரவரி 11

"அங்க அவருக்கு சந்திரன் தனுசுன்னு காட்டுது, இங்க விருச்சிகம், அப்ப எல்லாமே தப்பா?"

இல்லைங்க. அங்க வசந்த விஷுவத்துலேர்ந்து (மார்ச்சுல பகலும் ராத்திரியும் சமமா இருக்கற நாள்ல சூரியன் நிக்கற இடம்) எண்ணறாங்க, இங்க நட்சத்திரத்தை வெச்சு எண்ணறோம், நடுவுல அயனாம்சம்னு ஏறக்குறைய 24 டிகிரி. ரெண்டு பேர் ஜாதகத்துலயும் அதே 24-ஐத்தான் கழிக்கறோம், அதனால உங்களுக்கும் அவருக்கும் நடுவுல இருக்கற கோணம் அசையவே அசையாது. பேரு மட்டும்தான் மாறும். ராசி பேரை வெச்சு "கடகமும் விருச்சிகமும் ரெண்டும் நீர் ராசி, அதான் ஒத்துப்போகுது"ன்னு சொல்றது ஆடும், கோணத்தை வெச்சு சொல்றது ஆடாது. நான் ராசி பேச்சைவிட கோணத்துப் பேச்சை நம்பறதுக்கு (நம்பறேன்னா... சரி, மதிக்கறேன்னு வெச்சுக்கலாம்) இது ஒரு காரணம்.

பிப்ரவரி 11, இரவு

காம்போசிட் சார்ட் கேட்ட தம்பிக்கு. ரெண்டு பேர் கிரகத்துக்கும் நடுப்புள்ளி எடுத்து ஒரு ஜாதகம் போடுவாங்க, உறவுக்கே ஒரு ஜாதகம்னு சொல்லி. எனக்கு அது ஒட்டல. நிஜ வானத்துல புதன் சூரியனை விட்டு 28 டிகிரிக்கு மேல போகாது, காம்போசிட்ல புதன் சூரியனுக்கு நேர் எதிர்ல கூட போய் உக்காந்துக்கும், ஏன்னா வட்டத்துல நடுப்புள்ளி ரெண்டு இருக்கு, கிட்ட இருக்கறதை எடுக்கும்போது சில நேரம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் விழுந்துடும். அப்படி ஒரு வானம் என்னிக்குமே இருந்ததில்ல. டேவிசன் முறை பரவாயில்ல, ரெண்டு பிறந்த நேரத்துக்கும் நடு நேரம், ரெண்டு ஊருக்கும் நடு இடம், அந்த நேரத்து உண்மையான வானம். உங்க ரெண்டு பேருக்கும் நடு இடம் கடலுக்குள்ள விழுந்தாலும் கணக்கு ஒத்துக்கும்.

பிப்ரவரி 13

சொந்தக் கதை கேக்கறீங்க. சுருக்கமா சொல்றேன்.

முதல் காதலுக்கு 10-க்கு 9 பொருத்தம். அவன் சுக்கிரன் மேல என் செவ்வாய், ஒரு டிகிரிக்குள்ள, புஸ்தகத்துல இதுக்கு பலமான ஈர்ப்புன்னு போட்டிருக்கும். போட்டிருக்கறது பொய்யில்ல. ஆனா அவனுக்குக் கடன் வாங்கறது ஒரு பழக்கம், எனக்குக் கணக்கு பாக்கறது ஒரு பழக்கம், இந்த ரெண்டுக்கும் எந்த அட்டவணையிலயும் கட்டம் இல்ல. பிரிஞ்சுட்டோம்.

இப்ப வீட்டுக்காரர். பொருத்தம் 5. அவர் சனி என் சந்திரன் மேல. எந்த முறைக்காரரைக் கேட்டாலும் உச்சு கொட்டற அமைப்பு, மனசைப் போட்டு அமுக்கும்பாங்க. அமுக்குதான்னு கேட்டா சில நாள் ஆமா. நான் அழுதுக்கிட்டே ஏதாவது சொல்லும்போது அவர் பொறுமையா கேட்டுட்டு "சரி, இதுக்கு என்ன பண்ணலாம்"னு பேப்பர் எடுப்பார், அந்தப் பேப்பரைக் கிழிக்கணும்போல இருக்கும். ஆனா என் அப்பா ஆஸ்பத்திரியில இருந்த சமயத்துல அந்தப் பேப்பர்தான் வீட்டை நடத்துச்சு, மருந்து நேரம், யார் எப்ப போறது, யாருக்கு எவ்வளவு குடுக்கணும், எல்லாம். அப்ப நினைச்சேன், இதே சனிதான்யா இதுவும்.

அவர்கிட்ட இதைச் சொன்னா "சனி என்ன பண்ணுச்சு, ராத்திரி முழிச்சிருந்தது நான்தானே"ங்கறார்.

பிப்ரவரி 14

இன்னிக்குன்னு பாத்து ஆறு பேர் ஜாதகம் அனுப்பியிருக்கீங்க. இன்னிக்கு வெளிய போங்க. நாளைக்கும் நட்சத்திரம் அங்கயேதான் இருக்கும்.

பிப்ரவரி 16

செவ்வாய் தோஷம் பத்தி மூணு பேர் கேட்டதால ஒரே பதில். லக்னத்துலேர்ந்து 2, 4, 7, 8, 12-ல செவ்வாய் இருந்தா தோஷம். 12 வீட்ல 5 வீடு, 42 பெர்சன்ட் பேருக்கு இங்கயே முடிஞ்சுது. சிலர் அதோட விடாம சந்திரன்லேர்ந்தும் பாப்பாங்க, சுக்கிரன்லேர்ந்தும் பாப்பாங்க. மூணுலயும் தப்பிக்க வாய்ப்பு 7/12-ஐ மூணு தடவை பெருக்கணும், 20 பெர்சன்ட்கூட வராது. அதாவது மூணு இடத்துலேர்ந்தும் பாத்தா பத்துல எட்டு பேருக்கு செவ்வாய் தோஷம் (சுக்கிரனும் செவ்வாயும் முழுசா தனித்தனியா ஓடல, அதனால கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்). இதனாலதான் விதிவிலக்கு அத்தனை சேந்திருக்கு, ஆட்சியா இருந்தா இல்ல, உச்சமா இருந்தா இல்ல, குரு பாத்தா இல்ல. விலக்கு இல்லைன்னா ஊர்ல யாருக்கும் கல்யாணமே ஆகியிருக்காது.

யாராவது வந்து உங்களுக்கு இந்த தோஷம் இருக்குன்னு சொன்னா நான் முதல்ல கேக்கறது இதுதான்: இது இல்லாதவங்க எத்தனை பேர்?

பிப்ரவரி 17

"ஆராய்ச்சி எதுவுமே பண்ணலையா யாரும்?" பண்ணியிருக்காங்க. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துல டேவிட் வோஸ்ங்கறவர் 2007-ல வெளியிட்டது, இங்கிலாந்து வேல்ஸ் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கிட்டு ஒரு கோடி தம்பதிகளோட சூரிய ராசியைப் பாத்தார். எந்த ராசிக்கும் எந்த ராசி மேலயும் தனி ஈர்ப்பு தெரியல. ஒரே ராசி ஜோடி மட்டும் கொஞ்சூண்டு அதிகமா தெரிஞ்சுது, அது ஏன்னு பாத்தா ஃபாரம் நிரப்பினவங்க வீட்டுக்காரர் பிறந்த தேதிக்குப் பதிலா தன்னோடதையே எழுதி வெச்ச மாதிரி பிழைகள்! எனக்கு இது ரொம்பப் பிடிச்சது. காதலோ என்னமோ, துணையோட பிறந்தநாள் ஞாபகம் இல்ல.

ஆனா அது சூரிய ராசி மட்டும்தான், சந்திரனையோ ரஜ்ஜுவையோ அவர் தொடல, அதையும் சொல்லிடணும்.

அதுக்கு முன்னாடி கார்ல் யுங். மனோதத்துவக்காரர், ஜோசியத்து மேல கொஞ்சம் சாய்வு உள்ளவர்தான். 483 தம்பதி ஜாதகம் எடுத்தார், 1952-ல எழுதினார். முதல்ல வந்த 180 ஜோடியில கணவன் சூரியன் மேல மனைவி சந்திரன் சேர்ந்திருக்கறது தூக்கலா நின்னுச்சு, பழைய புஸ்தகம் சொல்றது அப்படியே. அடுத்த கட்டுல வேற ஒண்ணு தூக்கலா வந்துச்சு, அதுக்கடுத்த கட்டுல இன்னொண்ணு. எல்லாத்தையும் சேத்தா எதுவும் நிக்கல. அவரே அதை ஒத்துக்கிட்டார், ஒத்துக்கிட்டு அதுலேர்ந்து வேற ஒரு தத்துவத்துக்குப் போயிட்டார், அந்தப் பக்கம் நான் போகல.

பிப்ரவரி 19

"அக்கா, இவ்வளவு சொல்றீங்களே, உங்க வீட்ல வந்தா?"

வந்துச்சு. தங்கச்சிக்கு. அவ மிருகசீரிடம், பையன் சித்திரை. தலை ரஜ்ஜு, வேதையும் சேந்து. அவங்களே பிடிச்சுப்போய் பேசிக்கிட்டவங்க, அம்மாதான் என்கிட்ட அட்டவணையைக் காட்டி "நீ சொல்லு, நீதான் படிச்சிருக்கே"ன்னாங்க.

பத்து நாளா இங்க என்ன பாடம் எடுத்துக்கிட்டு இருக்கேன்? எத்தனை பேருக்கு வரும்னு எண்ணிப் பாருங்க, நிறைய பேருக்கு வந்தா பயப்படாதீங்கன்னு. தலை ரஜ்ஜுல இருக்கறது மூணே நட்சத்திரம், எந்த ரெண்டு பேருக்கும் அது பொருந்த வாய்ப்பு 81-ல ஒண்ணு. அபூர்வம். அப்ப என் பாடப்படி பயப்படணுமா? அபூர்வமா இருந்தா மட்டும் உண்மையாயிடுமா என்ன? எண்ணிக்கை என்ன சொல்லும்னா இது எவ்வளவு சகஜம்னு சொல்லும், அது பலிக்குமா பலிக்காதான்னு அதுக்குத் தெரியாது. பலிக்குதான்னு பாக்கணும்னா தலை ரஜ்ஜு உள்ள தம்பதிகளைத் தேடிப் பிடிச்சு வருஷக்கணக்கா பின்தொடரணும், அதை விட்டுட்டு ஒரு அம்மா முகத்தைப் பாத்து 81-ல ஒண்ணுன்னு சொல்லி என்ன பிரயோஜனம்.

அம்மாகிட்ட "பரவாயில்ல"ங்கற வார்த்தை என் வாயில உடனே வரல. அதான் உண்மை. பலனா போட்டிருக்கற அந்த ஒரு வரி, தங்கச்சி பேரோட சேந்து மண்டையில ஓடுச்சு. ரெண்டு நாள் கழிச்சு சொன்னேன். கல்யாணம் ஆச்சு, நல்லாத்தான் இருக்காங்க, ஆனா இதை நான் ஆதாரமா காட்டல, ஒரு ஜோடியை வெச்சு எதையும் காட்ட முடியாது, முதல் காதலை வெச்சு நான் காட்டினதும் சேத்துத்தான் சொல்றேன்.

இன்னொண்ணு தோணுது. முன்ன பின்ன தெரியாத ரெண்டு பேரைச் சேக்கும்போது கையில வேற தகவலே இல்ல, அப்ப அட்டவணை ஏதோ ஒண்ணு சொல்லுது, சரி. நாலு வருஷம் பழகினவங்களுக்கு ஒருத்தர் கோவம் எப்படி இருக்கும், காசு எப்படி செலவு பண்ணுவாங்க, நோய்னு படுத்தா எப்படி நடந்துப்பாங்க, எல்லாம் நேர்ல தெரியும். அதுக்கு மேல சந்திரன் நட்சத்திரம் புதுசா என்ன சொல்லிடப் போகுதுன்னு எனக்கு நிஜமாவே புரியல. ஆனா பயம் மட்டும் அந்த நாலு வருஷத்தையும் தாண்டி உள்ள வந்துடுது பாருங்க.

பிப்ரவரி 22

கேள்வி கேட்டவங்க திரும்ப வந்திருக்காங்க, புது குண்டோட. அவர் வீட்ல வாக்கிய பஞ்சாங்கப்படி (பழைய சூத்திரங்களை வெச்சுக் கணிக்கறது) எழுதின பழைய ஜாதகம் கிடைச்சிருக்காம், அதுல அவர் அனுஷம் இல்லையாம், கேட்டையாம்!

ஆச்சரியம் இல்ல. அவர் சந்திரன் 16 டிகிரி, 16 டிகிரி 40 நிமிஷத்துல அனுஷம் முடிஞ்சு கேட்டை ஆரம்பிக்குது. சந்திரன் ஒரு டிகிரி நகர ரெண்டு மணி நேரம்கூட ஆகாது. வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் (இப்பத்திய வானியல் கணக்கை வெச்சுக் கணிக்கற பஞ்சாங்கம்) நட்சத்திரம் முடியற நேரத்துல மணிக்கணக்குல வித்தியாசம் வர்ற நாள் உண்டு. எல்லைக்கிட்ட பிறந்தவங்களுக்கு இது சகஜம். 39 எடுத்தவன் ஃபெயில் 40 எடுத்தவன் பாஸ் கதைதான்.

இப்ப கேட்டைக்குப் போட்டுப் பாப்போம். எண்ணிக்கை 11. தினம் மீதி 2, வந்துடுச்சு. ரஜ்ஜு கேட்டைக்குப் பாதம், பூசத்துக்குத் தொடை, வந்துடுச்சு! மாகேந்திரம் 11-க்கு இல்ல, போச்சு. கேட்டை ராட்சச கணம், போச்சு. மத்ததெல்லாம் அப்படியே. மொத்தம் எவ்வளவுன்னு எண்ணுங்க.

6.

ரெண்டு வந்து ரெண்டு போய் அதே 6, ஆனா இந்தத் தடவை யாரும் "ரஜ்ஜு இல்ல"ன்னு சொல்ல மாட்டாங்க, "பையன் ராட்சச கணமாச்சே"ம்பாங்க. சந்திரனுக்கு சந்திரன் கோணம் 122-லேர்ந்து 123 ஆகுமா, ஆப் அப்பவும் அருமைன்னே சொல்லும். தசையும் ஒரு வருஷம் நகரும், இடைவெளி 6-லேர்ந்து 7 ஆகும், அவ்வளவுதான். அட்டவணையில மட்டும்தான் தலைகீழா மாறுது.

பிப்ரவரி 22, இரவு

"அப்ப கேட்டைன்னே வீட்ல சொல்லிடலாமா?" நினைச்சேன் இது வரும்னு.

உங்க ஜாதகம் திருக்கணிதத்துல எழுதினது. அவரோடதை வாக்கியத்துல எடுத்தா ரெண்டு அளவுகோல்ல அளந்த மாதிரி, எந்த ஜோசியரும் ஒத்துக்க மாட்டார், உங்க மாமா ஒருத்தர் இருப்பாரே எல்லாத்தையும் கிளறிக்கிட்டு, அவரும் ஒத்துக்க மாட்டார். வாக்கியம்னா ரெண்டு பேருக்கும் வாக்கியம். உங்க சந்திரன் 14 டிகிரி, பூசம் முடிய இன்னும் கிட்டத்தட்ட 3 டிகிரி இருக்கு, அனேகமா பூசமாவே நிக்கும், ஆனா போட்டுப் பாத்துட்டுப் பேசுங்க. அதே மாதிரி திருக்கணிதம்னா ரெண்டு பேருக்கும் திருக்கணிதம், அங்க அனுஷம்தான், மறைக்காதீங்க. அவங்க வீட்ல எந்தப் பஞ்சாங்கம் பாக்கறாங்கன்னு முதல்ல அவரைக் கேக்கச் சொல்லுங்க.

பிப்ரவரி 25

அவர் வீடு வாக்கியமாம், இவங்க வீடு திருக்கணிதமாம். அடடா.

அப்ப ரெண்டு வீட்டுக்கும் ரெண்டு கணக்கையும் குடுத்துடுங்க, எதையும் ஒளிக்காம. தசா சந்தி இல்லங்கறதையும் எழுதிக் குடுங்க, ஜோசியர் அதைக் கட்டாயம் பாப்பார், ரஜ்ஜுவுக்கு எதிரா அவர் வாயாலயே வர வேண்டிய வாதம் அது, நீங்க சொன்னா எடுபடாது. பிறந்த நேரத்தையும் ஒரு தடவை கேளுங்க. வீட்ல எழுதி வெச்சிருக்கற நேரம் 5.30, 6.00னு முழுசா இருந்தா யாரோ தோராயமா போட்டிருக்காங்கன்னு அர்த்தம், அவருக்கு ஒரு மணி, ஒண்ணேகால் மணி நேரம் தள்ளினாலே நட்சத்திரம் எல்லைக்கு வந்துடும். ஆஸ்பத்திரி குறிப்பு இருந்தா அதைத் தேடுங்க. லக்னம் 4 நிமிஷத்துக்கு ஒரு டிகிரி நகரும், அதனால அது சரியா இல்லைன்னா செவ்வாய் எந்த வீடுங்கற பேச்சையே எடுக்க விடாதீங்க.

ஆப் ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் காட்டாதீங்க, ப்ளீஸ்.

பிப்ரவரி 25, இரவு

மத்த ஆறு பேருக்கும்: ஸ்கோர் அனுப்பாதீங்க, சந்திரன் டிகிரியும் எந்தப் பஞ்சாங்கம்னும் போட்டு அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை உக்காந்து பாக்கறேன். வீட்டுக்காரர் பேப்பர் எடுத்துட்டார், யாருக்கு முதல்லன்னு வரிசை போட.